நேர்த்தி வைக்க ஒண்டும் மிச்சமில்லாத நேரம்

மகன்,

உன்ரை கடிதம் வியாழக்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தது. கடிதம் எண்டால் முதல் வரியிலை நாங்கள் சுகம், உங்கள் சுகமறிய ஆவல் எண்டு எழுதவேணும் எண்டுதான் கன்னியாஸ்திரிமார் எனக்குப் படிப்பிச்சவை. நீ சுகமில்லை எண்டு நீயே நாலு பக்கம் எழுதியிருக்கேக்கை அந்த வரியை எழுதினால் அது பொய்யாய்ப் போகும். அதாலை விடுறன். உன்ரை கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சனான். முதல் தரம் படலையிலை நிண்டபடி, ரண்டாம் தரம் குசினிப் படியிலை இருந்துகொண்டு. மூண்டாம் தரம் வாசிக்கேக்கை அடுப்பிலை சோறு அடிப்பிடிச்சுப்போச்சு. உன்ரை ஐயா அந்தச் சோத்தைச் சாப்பிட்டிட்டு, "பெடியன் என்னவாம்?" எண்டு மட்டும் கேட்டார். "செபம் வருகுதில்லையாம்" எண்டன். "எனக்கும்தான் வாறேல்லை. அதுக்கு ஆர் தபால் போடுறது?" எண்டார். அந்த மனிசனை உனக்குத் தெரியும்தானே.

நீ எழுதினதை நான் சரியாய் விளங்கிக்கொண்டனோ எண்டு பார். திரேசாவுக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறி, பிள்ளை பிறக்கும் வரைக்கும் யாழ்ப்பாணத்திலை பெரியாஸ்பத்திரியிலை வைச்சிருக்கப் போயினம். போன வருசம் முதல் பிள்ளை வயித்துக்குள்ளையே போனது. இந்த முறை தாயும் பிள்ளையும் ரண்டு பேரும் தப்புவினமோ எண்டு இப்ப சொல்லேலாது எண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். கிழமை நாளிலை நீ ஸ்கந்தபுரத்திலை படிப்பிக்கிறாய், சனிக்கிழமை பஸ் ஏறி மனிசியைப் பார்க்கப் போறாய். இடையிலை அஞ்சு நாளும் அந்த வீட்டிலை தனிய. செபமாலையைக் கையிலை எடுத்தால் மணி நகருதாம், மனம் நகருதில்லையாம். "அம்மா, ஐயா கடலிலை காணாமல் போன நேரம் நீங்கள் கருவாடு பிரட்டிக்கொண்டு நிண்டனீங்கள். முகத்திலை ஒரு பதகளிப்பும் இல்லை. உங்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் போனது. அந்த விசுவாசம் எனக்கு ஏன் இல்லை?" எண்டு கேட்டிருக்கிறாய். பிறகு கடைசிப் பக்கத்தின்ரை அடியிலை, கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்திலை இன்னுமொண்டு. பிறக்கிறது ஆம்பிளைப் பிள்ளையெண்டால் குருமடத்துக்குக் குடுக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சிட்டியாம். சுவாமியாராய் வரப் போன நீ அந்தக் குருமடத்தை விட்டு ஓடிவந்ததுக்குத்தான் ஆண்டவர் உன்ரை பிள்ளைகளை எடுக்கிறாராம். உனக்குப் பதிலாய் அவன் போனால் அவருக்கு மனம் ஆறுமாம்.

அடே மோனை, அதை வாசிக்க எனக்கு வந்த கோபம்! உன்னிலை இல்லை. ஆரிலை எண்டு சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

ஐயா காணாமல் போன அந்த மூண்டு நாளிலை நீ ஒன்பது வயசுப் பெடியனாய்ப் பார்த்தது ஒண்டு, நான் பட்டது வேறொண்டு. முதல் நாள் காலமை எட்டு மணியிருக்கும், நினையாத நேரத்திலை கச்சான் காத்து எழும்பினது. கச்சான் எண்டால் கரையிலை நிக்கிற ஆக்களுக்கு வெறும் புழுதி. கடலிலை நிக்கிற வள்ளத்தை அது வெளியை வெளியைத் தள்ளிக்கொண்டு போகும். மற்ற வள்ளமெல்லாம் பாய் கிழிஞ்சும் கிழியாமலும் பத்து மணிக்குள்ளை கரை பிடிச்சிட்டுது. ஐயாவும் அவரோடை போன ரண்டு பேரும் வரேல்லை. நான் கடற்கரையிலை நிண்டு முதல் நேர்த்தியை அந்தோனியாருக்கு வைச்சன், ஏழை எளியதுகளுக்கு ஒரு கடகப்பெட்டி பாண் குடுக்கிறன் எண்டு. மத்தியானம் மடுமாதாவுக்கு நடந்தே வாறன் எண்டன். பின்னேரம் செபஸ்தியாருக்கு ஒரு நாள் பிடிபடுற மீன் முழுக்க. அடுத்த நாள் காலமை என்ரை தோட்டை மாதாவுக்குக் கழட்டித் தாறன் எண்டன், உன்ரை தங்கச்சியின்ரை தலைமயிரைத் தாறன் எண்டன். தயிர் கொண்டுவாற மனிசி படலையடியிலை என்னைக் கண்டு அழுதவா. அவவிட்டைச் சொல்லி வற்றாப்பளை அம்மாளுக்கும் ஒரு பானைப் பொங்கல் நேர்ந்தனான். சிரிக்காதை. அந்த நேரம் எந்தக் கதவிலை தட்டுறன் எண்டு ஆருக்குத் தெரியும்? ஒவ்வொண்டையும் சொன்ன உடனை கொஞ்ச நேரம் நெஞ்சு ஆறும். பிறகு, இது காணாதோ, இன்னும் கேக்கினமோ எண்டு பயம் முந்தினதை விடப் பெரிசாய் வரும். வீட்டிலை என்ன இருக்கு, என்ன இருக்கு எண்டு தேடிக்கொண்டே இருந்தன்.

ரண்டாம் நாள் மத்தியானம் கோயிலுக்குப் போனன். உள்ளுக்கு ஒரு குருவியும் இல்லை. பீடத்துக்கு முன்னாலை முழங்காலிலை இருந்தன். குடுக்கிறதுக்கு வீட்டிலை இன்னும் ஒண்டுதான் மிச்சம் எண்டு எனக்குத் தெரியும். உன்னை வைச்சன். "அவரைக் கரை சேர்த்தால் என்ரை மூத்தவனைக் குருமடத்துக்குத் தாறன்" எண்டு வாய்விட்டுச் சொன்னனான். நீ அந்த நேரம் வெளியிலை பெடியளோடை கிளித்தட்டு விளையாடிக்கொண்டு நிண்டனீ, உன்ரை சத்தம் யன்னலுக்குள்ளாலை எனக்குக் கேட்டது.

மகன், இதை எழுதின உடனை பேனையை வைச்சிட்டு எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தனான். இனி எழுதலாம்.

கோயிலாலை வெளியிலை வந்தால் கிழக்கிலை மழை இருட்டு. கருவாடு காயப்போடுற பிலோமினாக்கா கத்திறா, "எடியே, என்ரை கருவாட்டுப் பாய் நனையப்போகுது, ஓடிவா, ஓடிவா!" எண்டு. அவவுக்குக் கால் சுளுக்கு. புருசன் கடலிலை காணாமல் போய் நிக்கிறவளைக் கருவாடு அள்ளக் கூப்பிடுறாவே, என்ன மனிசி இவா எண்டு எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் போனனான். பாதிப் பாயை நானும் அவவும் அள்ளிக் கொட்டிலுக்குள்ளை போட, மழை பத்துத் துளி விழுந்திட்டு விலத்திப்போச்சு. பிறகு அள்ளினதையெல்லாம் திரும்ப விரிச்சு, ஒவ்வொண்டாய்ப் பிரட்டி வைச்சன். அப்பத்தான் நீ வந்து பார்த்திருக்கிறாய். அந்த வேலை முடியுற நேரம்தான் எனக்கே தெரிஞ்சது, நெஞ்சுக்குள்ளை ஒரு சத்தமும் இல்லை. ஐயா வந்தால் வரட்டும் எண்டு இல்லை, வருவார் எண்டும் இல்லை. அவர் இருக்கிற இடம் கடலோ கடலுக்கு அடியோ, அங்கை அவர் தனிய இல்லை எண்டு மட்டும் எனக்குத் தெரிஞ்சது. வெயில் அடிச்சது, கருவாடு நாறினது, நான் அமைதியாய் இருந்தன்.

ஐயா மூண்டாம் நாள் வந்தவர். கொக்கிளாய்ப் பக்கம் ஒதுங்கி, மூண்டு பேருமாய்க் கரை வழியாய் நடந்து வந்தவை. உதடு வெடிச்சு, கண் ரண்டும் சிவந்து, படலையைத் திறந்துகொண்டு வந்து முதல் கேட்ட கேள்வி, "என்ன, அடுப்பு மூட்டேல்லையோ?" கையிலை இருந்த அகப்பையாலை எறிஞ்சன். அது உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் அதை எடுத்துக்கொண்டு வந்து தந்தனீ.

இப்ப என்ரை பிழைக்கு வாறன். அந்த அமைதி எனக்கு எப்ப வந்தது எண்டு பார். உன்னை நேர்ந்து அரை மணித்தியாலத்துக்குள்ளை. அப்ப நான் என்ன நினைப்பன்? ஆண்டவர் உன்னை ஏற்றுக்கொண்டார், அதுக்கு அடையாளமாய்த்தான் நெஞ்சு ஆறினது எண்டு நினைச்சனான். ஐயாவும் வந்திட்டார், இனி என்ன சந்தேகம்? தோட்டைக் கழட்டிக் குடுத்தன், மடுவுக்கு நடந்து பாதம் கொப்புளம் போட்டுது, பொங்கலும் போய்ச் சேர்ந்தது. உனக்குப் பதின்மூண்டு வயசானவுடனை குருமடத்துக்குக் கொண்டுபோகத் தகரப்பெட்டியை வாங்கினன். நீ ஒரு நாள் கிணத்தடியிலை என்னைக் கேட்டனீ, "அம்மா, எனக்குத் தேவ அழைப்பு இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?" எண்டு. நான் உன்ரை முகத்தைப் பாராமல், "உனக்குத் தெரியத் தேவையில்லை, எனக்குத் தெரியும்" எண்டன். நீ அதை நம்பினாய். பெத்த தாய் சொன்னால் பிள்ளை நம்பும்தானே. உன்னை ஆண்டவர் கூப்பிடேல்லை, மகன். கூப்பிட்டது நான். பயத்திலை ஒருத்தி வாயிலை வந்ததைச் சொன்னாள், அதுக்கு நீ நாலு வருசம் அங்கை இருந்தாய்.

பதினேழு வயசிலை அந்தத் தகரப்பெட்டியைத் தோளிலை வைச்சுக்கொண்டு நீ பஸ்ஸாலை இறங்கி வந்த மத்தியானத்தை நான் மறக்கேல்லை. முத்தத்திலை நிண்டு, "அம்மா, நான் அங்கை நடிச்சுக்கொண்டிருந்தன், இனி ஏலாது" எண்டாய். ஐயா அண்டைக்கும் கடலிலை. குடுத்ததைத் திருப்பி எடுத்திட்டன், இனி அவர் ஐயாவை எடுக்கப்போறார் எண்டுதான் முதல் நினைச்சனான். பார், பெத்த பிள்ளை மெலிஞ்சு போய் வந்து நிக்குது, நான் என்ன நினைக்கிறன் எண்டு! உனக்குச் சோத்தைப் போட்டன். சூடை மீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும். நீ ஒரு கோப்பை சாப்பிட்டாய், ரண்டாவது கேட்டாய், மூண்டாவது கேக்க வெக்கப்பட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அள்ளிப் போட்டன். நீ சாப்பிடுறதைப் பார்த்துக்கொண்டு அகப்பையோடை நிக்கேக்கை, ராசா, அது திரும்ப வந்தது. அதே அமைதி. அதே மாதிரி, ஒரு அறிவித்தலும் இல்லாமல்.

அண்டைக்குத்தான் எனக்கு யோசினை பிடிச்சது. முதல் தரம் உன்னைக் குடுத்ததாலை வந்தது எண்டால், இந்த முறை உன்னைத் திருப்பி எடுக்கேக்கை ஏன் வரவேணும்? அப்ப முதல் தரமும் உன்னைக் குடுத்ததாலை வரேல்லையோ? ஐயா வழமை போலை மீனோடை வந்தார், ஒண்டும் நடக்கேல்லை. நான் நாலைஞ்சு நாள் இதையே போட்டுக் குடைஞ்சன். அமைதி வந்த இடத்துக்கே போய் நிண்டு பார்த்தன். பிலோமினாக்காவின்ரை கருவாட்டுப் பாயடியிலை போய், அதே பக்கம் பார்த்துக்கொண்டு, அதே செபத்தைச் சொல்லிப் பார்த்தன். வந்தது நாத்தம்தான். "உனக்கென்னடி விசரே?" எண்டு அவா கேட்டவா.

கடைசியிலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனன். அப்ப எங்கடை கோயிலிலை இருந்தவர் மெலிஞ்ச, இருமல்காரச் சுவாமியார். உன்னைக் கேக்காமல் உன்னை நேர்ந்ததைச் சொன்னன், உனக்குப் பொய் சொன்னதைச் சொன்னன். அதோடை அந்த அமைதியையும் பாவமாய்ச் சொன்னனான். "சுவாமி, புருசன் செத்தாரோ தெரியாமல் நிக்கேக்கை என்ரை மனம் அமைதியாய் இருந்தது. நேர்த்தியை முறிச்ச நாளிலும் அமைதியாய் இருந்தது. நான் ஒரு கல்நெஞ்சுக்காரி" எண்டன். அவர் ஆறுதலாய்க் கேட்டார், "அது எப்பிடி இருந்தது, அம்மா?" எண்டு. புத்தி சொல்லுற குரல் இல்லை அது. கேள்விப்பட்டும் தான் காணாத ஒரு சாமானைப் பற்றி ஒருத்தர் விசாரிக்கிற குரல். நிறைஞ்ச கடகத்தைத் தலையிலை வைச்சால் தனிய இறக்கேலாது, கொட்டுப்பட்டுப்போம். ஆரும் வந்து ஒரு பக்கம் கை குடுக்கவேணும். அப்பிடி ஒருத்தர் கை குடுத்து இறக்கினமாதிரி இருந்தது, ஆர் எண்டு நான் நிமிர்ந்து பார்க்கேல்லை எண்டன். அவர் இருமினார். "நீங்கள் அதுக்கு ஒண்டும் குடுக்கேல்லை, அம்மா. அதுக்கு விலை இல்லை. பாவம் எண்டு சொல்லாதேங்கோ. எனக்காகவும் ஒருக்கால் மன்றாடுங்கோ" எண்டார். பாவத்துக்கு அபராதமாய் நான் செய்யவேண்டியதை ஒரே வரியிலை சொன்னார்: "மகனிட்டைச் சொல்லுங்கோ."

அது நடந்து ஒன்பது வருசம், மகன். நான் சொல்லேல்லை. அதுக்குப் பதிலாய் ஒரு நாளைக்கு மூண்டு செபமாலை சொன்னன், பெரிய வெள்ளிக்குத் தண்ணியும் குடியாமல் இருந்தன், கோயில் கூட்டினன். எல்லாம் செய்தன், அவர் சொன்ன ஒண்டைத் தவிர. நீ கலியாணம் கட்டின நாள் காலமை சொல்லுவம் எண்டு வந்தனான். நீ சந்தோசமாய் நிண்டனீ. கெடுப்பானேன் எண்டு விட்டன். நான் வாய் திறக்காததாலைதான் நீ இப்ப ஆஸ்பத்திரி வாசலிலை நிண்டுகொண்டு, ஆண்டவர் என்னைப் பழி வாங்கிறார் எண்டு நினைக்கிறாய். நான் மறைச்ச பொய் உன்ரை பிள்ளை வரைக்கும் வந்து நிக்குது. என்னை மன்னிச்சுக்கொள். இப்ப ஏலாட்டி ஆறுதலாய் மன்னி, நான் எங்கையும் போகேல்லை.

செபம் வருகுதில்லை எண்டு கேட்டாய். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன், அது கொஞ்சம்தான். ஐயாவிட்டை ஒருக்கால் கேட்டனான், கடலிலை அந்த ரண்டு நாளும் செபம் சொன்னனீங்களோ எண்டு. "தொடக்கத்திலை சொன்னனான். பிறகு வள்ளத்துக்குள்ளை தண்ணி இறைச்சனான்" எண்டார். "இறைக்கேக்கை பயமில்லையோ?" எண்டன். "பயம் பக்கத்திலை இருந்தது. நான் அதோடை கதை குடுக்கேல்லை" எண்டார். வேலை செய்தால் அமைதி வரும் எண்டு நான் சொல்லவரேல்லை. நான் எத்தினை ஆயிரம் நாள் கருவாடு பிரட்டியிருப்பன், வந்தது ஒரு நாள்தானே. எனக்கு விளங்கினமட்டிலை, அவர் நெடுகப் பக்கத்திலைதான் நிக்கிறார். நாங்கள்தான் என்ன குடுக்கிறது, என்ன குடுக்கிறது எண்டு ஓயாமல் பேரம் பேசிக்கொண்டு நிக்கிறம். என்ரை கையிலை ஒண்டும் மிச்சமில்லாமல் வாய் மூடினபிறகுதான் அவர் நிக்கிறது எனக்குத் தெரிஞ்சது. புயலுக்குள்ளை ஆண்டவர் படகிலை நித்திரை கொண்டார் எண்டு சுவாமியார் பிரசங்கம் வைக்கேக்கை எனக்கு எப்பவும் ஒரு கேள்வி. நனைஞ்ச படகிலை ஒருத்தர் எப்பிடி நித்திரை கொள்ளுவார்? எங்கடை ஆக்கள் சுக்கான் பிடிக்கிறவனை நம்பினால்தான் கண்ணை மூடுவினம். அப்ப அவர் தன்ரை சீடராய் வந்த அந்த மீன்பிடிகாரரை அவ்வளவுக்கு நம்பினவரோ? பயந்து கத்தினவை அவையள், அவர் அவையளை நம்பிப் படுத்திருக்கிறார். இதை நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. நீ நாலு வருசம் படிச்சனீ, தெரிஞ்சால் எழுது.

அதாலை செபம் வராட்டி விடு. வாயைப் பூட்டிக்கொண்டு சும்மா இரு, அதுவும் அவருக்குக் கேக்கும். பக்கத்து வளவிலை நெல்லுக் காயப் போட்டிருந்தால் போய்க் காலாலை ஒருக்கால் துளாவிக் குடு. அமைதி வராட்டி வராது, நெல்லாவது காயும். திரேசாவிட்டைப் போகேக்கை முகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதை, அவவுக்குப் பயம் உன்னை விடக் கூட. பிள்ளை தப்பும் எண்டு நான் உனக்கு எழுதித் தரமாட்டன். எனக்கு அது தெரியாது. அண்டைக்கு ஐயாவைப் பற்றியும் எனக்குத் தெரியாது. எது நடந்தாலும் அது உனக்கு விழுகிற அடி இல்லை எண்டு மட்டும் எழுதித் தாறன். அதை நான் மூண்டு நாள் கடற்கரையிலை நிண்டு படிச்சனான்.

நான் வாற கிழமை வெள்ளிக்கிழமை காலமை பஸ்ஸிலை வாறன். ஐயா மீன் தந்துவிடுறன் எண்டு நிக்கிறார், பஸ்ஸுக்குள்ளை நாறும் எண்டாலும் கேக்கிறாரில்லை. சனிக்கிழமை ரண்டு பேருமாய் ஆஸ்பத்திரிக்குப் போவம். நான் வாறதுக்கு முதல் நீ ஒரு வேலை செய். பிள்ளையை நேர்ந்தாயல்லோ, அதே இடத்திலை போய் நில். முழங்காலிலை இருக்கத் தேவையில்லை. அந்தப் பிள்ளை ஆரெண்டு அதுக்கே இன்னும் தெரியாது, அதைக் குடுக்க எனக்கு உரிமை இல்லை எண்டு சொல்லு. அந்த நேர்த்தியை அம்மா வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா எண்டு ஆண்டவரிட்டைச் சொல்லு. மிச்சத்தை அவரோடை நான் கதைக்கிறன்.

அம்மா